துருவேறி ஹப்போடு ஒட்டிப்போன பிரேக் ரோட்டார்: பழைய பிக்கப்பில் கழற்றும் வழி

டீசல்புகை:
வணக்கம். 20 வயசு தாண்டின நாலு சக்கர இயக்க பிக்கப், முன் வலது பக்கம். ரோட்டாரில் (பிரேக் பேட் உரசுற இரும்புத் தட்டு) பொறிச்சிருக்கிற குறைந்தபட்ச தடிமன் 26 மி.மீ., மைக்ரோமீட்டரில் வர்றது 25.1. அதனால மாத்தியே ஆகணும், பழசைக் காப்பாத்த வேண்டிய தேவை இல்லை. சக்கரம், காலிப்பர் (பேடை ரோட்டார் மேல அழுத்துற பாகம்), அதைத் தாங்குற காலிப்பர் பிராக்கெட் மூணும் கழட்டியாச்சு. ரோட்டார் மட்டும் ஹப்பை, அதாவது சக்கரம் மாட்டுற சுழலும் நடுப் பாகத்தை, விட்டு அசையவே இல்லை. துரு இளக்கும் எண்ணெய் அடிச்சு ஒரு மணி நேரம் விட்டு, ரப்பர் சுத்தியலால சுத்திலும் தட்டியாச்சு. ரோட்டாரோட நடுவுல புடைச்சிருக்கிற தொப்பியின் முகத்துல, ஸ்டட்களுக்கு (வீல் நட்டு ஏறுற மரைக்கம்பி) நடுவே ரெண்டு சின்ன ஓட்டை இருக்கு, உள்ளே துரு அடைச்சிருக்கு. பெரிய சுத்தியலை எடுக்கும் முன்னாடி கேட்டுக்கலாம்னு இங்க போடறேன்.

நெம்புகோல்:
சுத்தியலுக்கு முன் ஒரு கேள்வி: உங்கள் ரோட்டார் எந்த வகை? பழைய பிக்கப்களில் மூன்று வகை உண்டு. தவறான வகையை அடித்தால் நாள் முழுக்க அடித்தாலும் வராது.

முதல் வகை, ஹப்புக்கு வெளியிலிருந்து தொப்பிபோல் ஏறி உட்காருவது. சக்கரமும் வீல் நட்டும்தான் அதை இறுக்கிப் பிடிக்கின்றன. சக்கரம் போனபின் அதைப் பிடித்திருப்பது துரு மட்டுமே.

இரண்டாவது, ஹப் தட்டுக்குப் பின்னால் சிக்கியிருப்பது. ரோட்டாரைப் பின்பக்கமாக ஹப்போடு போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள், அல்லது வீல் ஸ்டட்களே அதையும் சேர்த்து அழுத்திப் பிடித்திருக்கும். ஹப்பை முழுதாக வெளியே எடுக்காமல் இது வராது. திடமான முன் அச்சு உள்ள பழைய நாலு சக்கர இயக்க வண்டிகளிலும், எட்டு ஸ்டட் கொண்ட கனரக பிக்கப்கள் சிலவற்றிலும் இதைப் பார்க்கலாம்.

மூன்றாவது, பேரிங் உள்ளேயே உட்காரும் ரோட்டார். ஹப்பும் ரோட்டாரும் ஒரே வார்ப்பு. இரண்டு சக்கர இயக்க வண்டிகளின் முன் பக்கத்தில் இருக்கும். நடுவில் தூசி மூடி, அதற்குள் ஸ்பிலிட் பின் போட்ட நட்டு.

கண்டுபிடிப்பது எளிது. ஸ்டட்டின் அடிப்பகுதியைப் பக்கவாட்டில் விளக்கடித்துப் பாருங்கள். சக்கரம் வந்து உட்காரும் முகம் ரோட்டாருடையது என்றால் முதல் வகை. ஹப்பின் தட்டு முன்னால் தெரிந்து, ரோட்டார் அதற்குப் பின்னால் இருந்தால் இரண்டாவது. நீங்கள் சொல்லும் இரண்டு ஓட்டைகள் பெரும்பாலும் முதல் வகையில்தான் வரும்.

டீசல்புகை:
விளக்கடிச்சுப் பார்த்தேன். முதல் வகைதான். ரோட்டார் முகம்தான் வெளியே இருக்கு. நடுவில் ஹப்பின் வட்ட விளிம்பு சுமார் 6 மி.மீ. வெளியே நீட்டிட்டு இருக்கு, அதைச் சுத்தி காவி நிறத்துல பொருக்கு கட்டியிருக்கு.

ஸ்பேனர்17:
அந்தப் பொருக்குதான் ஆளைப் பிடிச்சு வெச்சிருக்கு. துரு ரெண்டே இடத்துல பிடிக்கும். ஒண்ணு, நீங்க சொன்ன நடு விளிம்பு. ரோட்டாரோட நடு ஓட்டை அது மேல ரொம்பக் குறைஞ்ச இடைவெளியில உட்காரும். இரும்பு துருவாகும்போது இருந்த இடத்தைவிட ரெண்டு மடங்குக்கு மேல இடம் கேட்கும், அதனால அந்த இடைவெளி அடைஞ்சு ஆப்பு வெச்ச மாதிரி இறுகிடும். ரெண்டாவது, ஹப் தட்டும் ரோட்டாரும் தொட்டுக்கிற தட்டை முகம். ரப்பர் சுத்தியல் இதுக்கு ஆகாது. ரப்பர் அடியை உள்ளே வாங்கிக்கும், துரு உடையணும்னா அதிர்வு இரும்புக்குள்ள போகணும்.

வரிசையா பண்ணுங்க:

முதல்ல கம்பித் தூரிகையால நடு விளிம்பைச் சுத்தி இருக்கிற பொருக்கைச் சுரண்டுங்க. ஒரு ஊசிமுனை வெச்சு இடுக்குல இருக்கிறதையும் கிளறி எடுங்க. பொருக்கு மேலேயே எண்ணெய் அடிச்சா அது பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கும், உள்ளே இறங்காது. அப்புறம் நடு விளிம்பைச் சுத்தியும், ஒவ்வொரு ஸ்டட் ஓட்டை வழியாவும் எண்ணெய் விடுங்க. ஸ்டட் வழியா விடறது முக்கியம். தட்டை முகத்துக்கு எண்ணெய் போக அது ஒண்ணுதான் வழி. ஒரு மணி நேரம் பத்தாது. சாயந்தரம் விட்டு, ராத்திரி ஒரு தடவை விட்டு, காலைல தொடுங்க. நடுநடுவே சின்ன சுத்தியலால தொப்பி முகத்தை டொக் டொக்னு தட்டிட்டு இருந்தா எண்ணெய் இன்னும் உள்ளே போகும்.

கூடவே, ரோட்டாரைப் பிடிச்சிருக்கிற சின்ன ஸ்க்ரூ எதுவும் இருக்கான்னு பாருங்க. தலை உள்ளே புதைஞ்ச ஸ்க்ரூ, துரு மூடி கண்ணுக்கே தெரியாம இருக்கும். இருந்தா சும்மா ஸ்க்ரூடிரைவர் போடாதீங்க, தலை வழுகிடும். சுத்தியலால அடிச்சா திரும்பற இம்பாக்ட் டிரைவர் வேணும். அதுலயும் வரலைன்னா ஸ்க்ரூ தலையை மட்டும் டிரில் போட்டு எடுத்துடலாம். சக்கரம் மாட்டின பிறகு அந்த ஸ்க்ரூவுக்கு வேலை இல்லை. சில வண்டில ஸ்டட் மேல மெல்லிசா தகட்டு வளையம் மாட்டியிருப்பாங்க, தொழிற்சாலைல ரோட்டார் நழுவாம இருக்கப் போட்டது. அதை வெட்டித் தூக்கிப் போட்டுடுங்க.

அந்த ரெண்டு ஓட்டை ரோட்டாரைத் தள்றதுக்குன்னே மரை போட்டது. நிறைய வண்டில எம்8 (8 மி.மீ. போல்ட்), 1.25 பிட்ச் (மரைக்கு மரை 1.25 மி.மீ.). போல்ட்டை நேரா நுழைக்காதீங்க. முதல்ல அதே அளவு டேப் (மரை வெட்டுற கருவி) போட்டு மரையைச் சுத்தம் பண்ணுங்க, எண்ணெய் விடுங்க. அப்புறம் முழு மரை உள்ள ரெண்டு போல்ட், இந்தப் பக்கம் கால் சுத்து, அந்தப் பக்கம் கால் சுத்துன்னு மாறி மாறி. ஒரே பக்கம் இறுக்கினா ரோட்டார் கோணிக்கிட்டு இன்னும் இறுகும். 20 நியூட்டன் மீட்டருக்கு மேல போகாதீங்க. வார்ப்பிரும்பு மரை, பேர்த்துக்கிட்டு வந்துடும்.

சாணைக்கல்:
ஸ்பேனர்17 சொன்னது எல்லாம் சரி. ஆனால் இறுக்கிவிட்டு வேடிக்கை பார்த்தால் போல்ட் மட்டும் தோற்கும். எம்8 போல்ட்டுகள் இழுவையில் இருக்கும்போதே சுத்தியலால் அடிக்க வேண்டும். இழுவையும் அதிர்வும் ஒரே நேரத்தில் வேண்டும்.

எங்கே அடிப்பது என்பதில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். அடி விழ வேண்டிய இடம் தொப்பியின் முகம், ஸ்டட்டுக்கும் ஸ்டட்டுக்கும் நடுவில். 2 கிலோ சுத்தியல், சிறிய வீச்சு, ஒரு இடத்தில் இரண்டு அடி, பிறகு ரோட்டாரைச் சுற்றி அடுத்த இடம். அந்த அடி ரோட்டார் வழியாக நேராக ஹப் தட்டுக்குப் போகிறது, நடுவில் இருக்கும் துரு நொறுங்குகிறது. காற்றுச் சுத்தியலில் மழுங்கிய முனை மாட்டி இதே இடங்களில் பிடித்தால் இன்னும் நல்லது. அடி சிறியது, எண்ணிக்கை அதிகம். துரு பொடியாக உதிர்வதைக் கண்ணால் பார்க்கலாம்.

வீல் நட்டுகளை எல்லா ஸ்டட்டிலும் நாலைந்து மரை மட்டும் ஏற்றி விடுங்கள். சுத்தியல் தவறினால் ஸ்டட்டின் மரை தப்பிக்கும். ரோட்டார் திடீரென்று விட்டுக்கொடுத்தால் காலில் விழாது. 10 கிலோவுக்கு மேல் எடை உள்ள பண்டம் அது.

கண்ணாடி போடாமல் ஒரு அடிகூட அடிக்கக் கூடாது. வார்ப்பிரும்பு சில்லு சில்லாகத் தெறிக்கும்.

நெம்புகோல்:
பேட் உரசும் வளையத்தின் வெளி விளிம்பில், அதுவும் பின்னாலிருந்து முன்னோக்கி ஓங்கி அடிப்பது பற்றி ஒரு வார்த்தை. வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அந்த அடி நெம்புகோல்போல் பேரிங்கின் மேல் விழுகிறது. உருளைகள் ஓடுபாதையில் பள்ளம் பதிக்கும். வண்டி ஓடும்போது ஊளைச் சத்தம் வர ஆரம்பித்தால் பேரிங்கை மாற்ற வேண்டியதுதான்.

அதைவிட நல்ல வழி ஒன்று. காலிப்பர் பிராக்கெட் முடுக்கியிருந்த இரண்டு காதுகள் ஸ்டீயரிங் நக்கிளில் (ஹப்பைத் தாங்கும் வார்ப்பு) நீட்டிக்கொண்டிருக்கும் அல்லவா, அவை பெரும்பாலான பிக்கப்களில் ரோட்டாரின் பின்முகத்துக்கு நேராக இருக்கும். அந்தக் காதையே அழுத்தும் கருவியாக்கலாம்.

தேவை: தலை வரை மரை உள்ள எம்12 போல்ட், 80 முதல் 100 மி.மீ. நீளம், 10.9 தரம். ஒரு நட்டு, ஒரு தடித்த வாஷர். காது ஓட்டையில் மரை இல்லையென்றால் போல்ட்டை உள்பக்கமிருந்து, அதாவது வண்டியின் நடுப்பக்கமிருந்து காதுக்குள் நுழையுங்கள். காதைத் தாண்டி வெளியே வந்ததும் ரோட்டாருக்கும் காதுக்கும் நடுவில் வாஷரையும் நட்டையும் ஏற்றுங்கள். நட்டை ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு பின்னால் போல்ட் தலையைத் திருப்பினால் போல்ட்டின் நுனி ரோட்டாரின் பின்முகத்தைத் தள்ளும், நட்டு காதின் மேல் சாய்ந்து எதிர்விசை கொடுக்கும். காதிலேயே மரை இருந்தால் நட்டு வேண்டாம். அதே அளவு மரையுள்ள நீளமான போல்ட்டை நேராக ஏற்றினால் போதும், ஆனால் அந்த மரையில்தான் நாளை பிராக்கெட் நிற்கப் போகிறது, எண்ணெய் விட்டு நிதானமாகத் திருப்புங்கள்.

40 முதல் 50 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். எம்12 போல்ட்டில் அது ஏறக்குறைய 2 டன் தள்ளுவிசை. அதற்கு மேல் போனால் பேரிங்குக்கு நல்லதல்ல. இறுக்கியபின் எதிர்ப்பக்கத்துத் தொப்பி முகத்தில் சாணைக்கல் சொன்னபடி நாலைந்து அடி. வரவில்லையா, தளர்த்துங்கள், ரோட்டாரைக் கால் வட்டம் சுற்றுங்கள், மறுபடி இறுக்குங்கள். இரண்டு காதிலும் ஒவ்வொரு போல்ட் போட்டால் இன்னும் சீராக வரும். எட்டாவது பத்தாவது முறையில்கூட விட்டுக்கொடுக்கும். முதல் முறையிலேயே ஸ்பேனரில் குழாய் மாட்டித் திருகுபவர்கள்தான் காதை உடைக்கிறார்கள்.

டீசல்புகை:
எம்8 ஓட்டையில ஒண்ணு டேப் போட்டதும் நல்லா வந்துச்சு, இன்னொண்ணுல மரை பேந்துடுச்சு. இப்போ காது போல்ட் முறைக்குப் போகப் போறேன். அதோட கேஸ் டார்ச்சும் பிடிக்கலாமா? ஏபிஎஸ் சென்சார் (சக்கர வேகத்தை அளக்கறது) ஒயர் ஹப்புக்குப் பின்னாலயே போகுது.

கிரீஸ்துணி:
டார்ச் எடுக்கும் முன் ஒரு எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். பிரேக் கிளீனர் ஸ்ப்ரே அடித்திருக்கிறீர்களா? குளோரின் கலந்த வகை கிளீனர் சூடான இரும்பிலோ தீச்சுடரிலோ பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உருவாகும். சிறிதளவே போதும், நுரையீரலைப் பாழாக்கும், சில மணி நேரம் கழித்துத்தான் அறிகுறி தெரியும். கிளீனர் தொட்ட பாகத்தில் டார்ச்சும் வெல்டிங்கும் கூடவே கூடாது. குளோரின் இல்லாத வகை என்றால் அது சட்டென்று தீப்பற்றும். இரண்டு விதத்திலும் ஆபத்துதான். நீங்கள் விட்ட எண்ணெயும் எரியக்கூடியது. துணியால் துடைத்து, முழுக்கக் காய்ந்தபின்தான் சுடர். வீட்டில் அசிட்டோனும் கியர் ஆயிலும் கலந்து வைத்திருப்பவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

அடுத்து தூசி. பழைய வண்டி, பேட் எந்தக் காலத்தது என்று தெரியாது. பழைய பேட்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றுக் குழாயால் ஊதாதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் எடுங்கள், முகக்கவசம் போடுங்கள்.

சூடு காட்டுவதென்றால் காட்ட வேண்டியது ரோட்டாரின் தொப்பியை, நடு ஓட்டையைச் சுற்றி 2, 3 செ.மீ. வளையத்தில். ஹப்பின் மேல் சுடரைப் பிடிக்காதீர்கள். ரோட்டார் விரிய வேண்டும், ஹப் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், அந்த வித்தியாசம்தான் துருவை விரிசல் விட வைக்கிறது. ஒரே இடத்தில் நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே இரண்டு மூன்று நிமிடம். சிவக்கும் வரை போக வேண்டாம். அதற்குள் பேரிங் கிரீஸ் உருகி ஓடும், சீல் கருகும், ஏபிஎஸ் சென்சார் பிளாஸ்டிக் போய்விடும். முடிந்தால் சென்சாரைக் கழற்றி ஓரமாகக் கட்டுங்கள். துருவில் அதுவும் பிடித்திருந்தால் பிடுங்கப் பார்க்காதீர்கள், உடையும். ஒயரை மட்டும் கிளிப்பிலிருந்து விடுவித்து ஈரத்துணி சுற்றுங்கள்.

இன்னொன்று, கழற்றிய காலிப்பர் எங்கே இருக்கிறது? பிரேக் ஹோஸில் தொங்குகிறது என்றால் இப்போதே எழுந்துபோய் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டுங்கள். ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும், உள் ரப்பர் கிழிந்திருக்கும். பிரேக் விட்டபின்னும் சக்கரம் பிடித்துக்கொண்டே இருப்பதற்கு அது ஒரு காரணம்.

வண்டி நிற்பது ஜாக்கியிலா ஸ்டாண்டிலா? 2 கிலோ சுத்தியல் அடிக்கும் வண்டி ஜாக்கியில் நிற்கக் கூடாது. சட்டத்தின் அடியில் ஸ்டாண்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை.

டீசல்புகை:
காலிப்பர் கம்பில கட்டியிருக்கு. ஸ்டாண்டு ரெண்டு, கட்டை நாலு போட்டாச்சு. கிளீனர் அடிச்சிருக்கேன். அப்போ டார்ச் வேண்டாம்.

மூன்றுகால்:
மூன்று கால் புல்லர் மாட்டினால் சுலபமாக வராதா?

சாணைக்கல்:
வரும், நிபந்தனையோடு. புல்லரின் கால் பிடிப்பது உரசு வளையத்தின் விளிம்பை. அங்கே இழுத்தால் வளையம் வளையும், துருவேறிய பழைய ரோட்டார் என்றால் துண்டாக உடையும், கால் நழுவிப் பறக்கும். நடுத்திருகு அழுத்துவது எதை என்பதும் முக்கியம். நாலு சக்கர இயக்க வண்டியில் நடுவில் இருப்பது டிரைவ் ஷாஃப்டின் மரை. நேராக அழுத்தினால் மரை நசுங்கும், ஷாஃப்ட் உள்ளே போகும். தடித்த இரும்புத் தகடு ஒன்றை ஹப் விளிம்பின் மேல் குறுக்காக வைத்து அதில் திருகை ஊன்ற வேண்டும். இதெல்லாம் செய்யும் நேரத்தில் காது போல்ட் வேலையை முடித்துவிடும்.

எதற்கும் மசியாவிட்டால் வெட்டுவதுதான் வழி. 125 மி.மீ. கிரைண்டர், 1 மி.மீ. வெட்டும் தகடு. உரசு வளையத்தின் வெளி விளிம்பில் தொடங்கி நடுநோக்கி, எதிரெதிரே இரண்டு வெட்டு. தொப்பியின் சுவரைத் தாண்டி முகம் வரை வெட்டு வர வேண்டும். தொப்பி முகத்தில் முழு ஆழம் போகாதீர்கள், கடைசி 1 மி.மீ. விடுங்கள், அதற்குப் பின்னால் ஹப் தட்டு இருக்கிறது. வெட்டில் உளியை வைத்து ஒரு அடி. வார்ப்பிரும்பு இழுவையில் பலவீனம், டப்பென்று பிளக்கும். ஹப்பில் கிரைண்டர் கீறல் விழுந்தால் புது ரோட்டார் சரியாக உட்காராது, அதனால் அவசரம் கூடாது. முழு முகக் கவசம் கட்டாயம், கண்ணாடி மட்டும் போதாது.

டீசல்புகை:
வந்துடுச்சு! எம்12 போல்ட், 45 நியூட்டன் மீட்டர். ரோட்டாரைச் சுத்திச் சுத்தி ஏழாவது தடவை இறுக்கி, தொப்பியில மூணாவது அடியில ஒரு சத்தம், நடு விளிம்பைச் சுத்தி முடி அளவு கறுப்புக் கோடு தெரிஞ்சது. அதுக்கப்புறம் ரெண்டு கையாலயே ஆட்டி எடுத்துட்டேன். ஹப் முகத்துல தகடு தகடா துரு இருக்கு. சும்மா கம்பித் தூரிகை போட்டுப் புது ரோட்டாரை மாட்டிடலாமா?

மைக்ரான்:
மாட்டாதீர்கள். கழற்றியதோடு வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. பெடல் துடிக்கிறது என்று வரும் புகார்களில் நிறைய, ஹப் முகத்தைச் சுத்தம் செய்யாமல் மாட்டியதால் வருபவை. பழி என்னவோ ரோட்டார் வளைந்துவிட்டது என்று ரோட்டார் மேல் விழுகிறது.

கணக்கு இதுதான். ஹப் தட்டு 150 மி.மீ. விட்டம், ரோட்டார் 300 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டின் ஓரத்தில் 0.05 மி.மீ. துருச் செதில் ஒன்று உட்கார்ந்தால் ரோட்டார் அந்த அளவுக்குச் சாய்ந்து உட்காரும். ரோட்டார் இரண்டு மடங்கு அகலம் என்பதால் அதன் விளிம்பில் ஆட்டம் 0.10 மி.மீ. ஆகிவிடும். பல தயாரிப்பாளர்கள் அனுமதிக்கும் உச்சமே 0.05 முதல் 0.10 மி.மீ. வரைதான். காகிதத்தின் தடிமன்கூட இல்லாத ஒரு செதில் முழு வரம்பையும் தின்றுவிடுகிறது. மாட்டிய அன்று பெடல் துடிக்காது. ஒவ்வொரு சுற்றிலும் ரோட்டாரின் ஒரு பகுதி பேடை லேசாக உரசிக்கொண்டே ஓடும், அந்த இடம் தேயும், சில ஆயிரம் கிலோமீட்டரில் தடிமன் ஏறி இறங்கிவிடும். அப்போதுதான் துடிக்கும்.

தடித்த செதிலைப் பழைய உளியால் படுக்கவைத்துச் சுரண்டுங்கள். பிறகு நைலான் உராய்வு வட்டோ கம்பித் தூரிகை வட்டோ மாட்டி வெள்ளை இரும்பு தெரியும் வரை. மணல் பதித்த கடின வட்டு வேண்டாம், அது நல்ல இரும்பையும் தின்று பள்ளம் விடும். ஸ்டட்டின் அடியைச் சுற்றிய வளையத்தில் எந்த வட்டும் நுழையாது. அங்கேதான் செதில் ஒளிந்திருக்கும். ஸ்டட் மேல் மாட்டும் சிறிய சுத்தம் செய்யும் குழல் கிடைக்கிறது, இல்லையென்றால் உப்புத்தாளைக் குழாயில் ஒட்டிச் சுழற்றலாம். நடு விளிம்பையும் சுற்றிலும் தேய்த்துவிடுங்கள். கடைசியில் விரல் நகத்தால் ஹப் முகம் முழுக்க வருடிப் பாருங்கள், நகம் எங்கும் தடுக்கக் கூடாது.

புது ரோட்டார் எண்ணெய் பூசி வரும். பிரேக் கிளீனராலோ, சோப்புத் தண்ணீரால் கழுவி உடனே துடைத்தோ எடுத்துவிடுங்கள். தொப்பியின் உள்முகத்தையும் பாருங்கள், அங்கே பெயிண்ட் கட்டி இருந்தாலும் அதே சாய்வுதான்.

ஸ்பேனர்17:
ரோட்டாருக்குப் பின்னால இருக்கிற தூசித் தகடையும் பாருங்க. அடிச்ச அடியில அது ரோட்டார் பக்கம் வளைஞ்சிருக்கும், மாட்டி ஓட்டினதும் கீச்னு உரசும். கையாலயே நிமிர்த்திடலாம்.

பின்கியர்:
நடுவில் வருகிறேன், பின் பக்கத்துக்கும் இதே வழியா? எனக்குப் பின் டிஸ்க், ரோட்டார் 5 மி.மீ. வெளியே வந்து நிற்கிறது, அதற்கு மேல் வரவில்லை.

நெம்புகோல்:
5 மி.மீ. வந்து நிற்கிறது என்றால் துரு இல்லை, ஹேண்ட் பிரேக். பின் ரோட்டாரின் தொப்பிக்குள் சின்ன டிரம் இருக்கும், ஹேண்ட் பிரேக் ஷூ அதற்குள் விரியும். ஷூ தேய்த்துத் தேய்த்துத் தொப்பியின் உள்சுவரில் ஒரு பள்ளம் விழும், வாயில் தேயாத விளிம்பு நிற்கும். ரோட்டார் வெளியே வரும்போது அந்த விளிம்பு ஷூவில் மாட்டிக்கொள்கிறது. இழுத்தால் ஷூவைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்கும் பின்னும் பிய்ந்து வரும்.

ஹேண்ட் பிரேக்கை முழுக்க விடுங்கள், சக்கரங்களுக்குக் கட்டை போட்டபின். பின்தகட்டிலோ தொப்பி முகத்திலோ ரப்பர் அடைப்பு இருக்கும். அதைக் கழற்றி டார்ச் லைட் அடித்தால் பல்சக்கரம் தெரியும். தட்டையான ஸ்க்ரூடிரைவரால் பல் பல்லாகத் திருப்பி ஷூவைச் சுருக்குங்கள். எந்தத் திசை என்பது வண்டிக்கு வண்டி மாறும். பத்துப் பல் திருப்பி ரோட்டாரைச் சுற்றிப் பாருங்கள், இறுகினால் எதிர்த்திசை. மாட்டும்போது ஷூவை மறுபடி விரித்து, ரோட்டார் லேசாக உரசும் இடத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து சில பல் தளர்த்துங்கள்.

பின்கியர்:
பல்சக்கரம் பன்னிரண்டு பல் திரும்பியதும் கையோடு வந்துவிட்டது. நன்றி.

கிரீஸ்துணி:
மூன்றாவது வகை, பேரிங் உள்ள ரோட்டார் வைத்திருப்பவர்களுக்காகச் சுருக்கமாக. அதில் துருச் சண்டை இல்லை, ஆனால் பேரிங் உங்கள் பொறுப்பு. புது ரோட்டாரில் பேரிங்கின் வெளி வளையம் அழுத்தி வந்திருக்கிறதா என்று பாருங்கள், சிலவற்றில் வராது. பழைய உருளையைப் புது வளையத்தில் ஓட்டாதீர்கள், இரண்டும் ஜோடி. கிரீஸ் சீல் எப்போதும் புதிது. கிரீஸை உள்ளங்கையில் வைத்து, உருளைகளின் இடுக்கில் மறுபக்கம் பிதுங்கும் வரை அழுத்தி ஏற்றுங்கள். ரோட்டாரைச் சுற்றிக்கொண்டே நட்டை 25, 30 நியூட்டன் மீட்டர் இறுக்கி உருளைகளை உட்கார வையுங்கள், பிறகு முழுக்கத் தளர்த்தி விரலால் மட்டும் இறுக்குங்கள். ஸ்பிலிட் பின் ஓட்டை ஒத்துவராவிட்டால் நட்டைத் தளர்த்தும் பக்கமே திருப்ப வேண்டும், இறுக்கும் பக்கம் கூடாது. இது கூம்பு உருளை பேரிங்குக்கான பொது முறை, உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே சரி.

மூன்றுகால்:
அடுத்த முறை ஒட்டாமல் இருக்க ஹப் முகம் முழுக்க ஆன்டி சீஸ் (இரும்பு ஒட்டாமல் தடுக்கும் பசை) தடவலாமா?

மைக்ரான்:
முகம் முழுக்க வேண்டாம். அந்த முகம்தான் உராய்வால் சக்கரத்தின் விசையைத் தாங்குகிறது, தடித்துப் பூசினால் அதுவே செதில் மாதிரி சாய்வு தரும். நடு விளிம்பில் மட்டும், சுற்றிலும் மெல்லிய படலம், விரலில் ஒட்டியது போதும். தூரிகையில் அள்ளிப் பூசினால் சூட்டில் உருகி உரசு வளையத்துக்குப் போகும், பேட் பாழ்.

ஸ்டட் மரையில் தடவாதீர்கள். வீல் நட்டுக்குக் கொடுத்திருக்கும் டார்க் எண் (இறுக்கும் அளவு), காய்ந்த மரைக்கானது. வழுவழுப்பான மரையில் அதே எண்ணுக்கு இறுக்கினால் ஸ்டட்டில் விழும் இழுவை கணிசமாகக் கூடிவிடும்.

டீசல்புகை:
ஹப் வெள்ளையாயிடுச்சு, நகம் தடுக்கலை. புது ரோட்டாரை ஆறு நட்டும் வாஷரும் போட்டு இறுக்கி, சுத்தும்போது வர்ற ஆட்டத்தை அளக்க டயல் கேஜ் (முள் வெச்ச அளவி) வெச்சேன். ஆட்டம் 0.11. ஹப்பை இன்னும் தேய்க்கணுமா?

மைக்ரான்:
முதலில் மூன்று விஷயம். நட்டுகளை டார்க் ரெஞ்சால் நட்சத்திர வரிசையில் ஒரே அளவு இறுக்கினீர்களா? டயலின் முள் ரோட்டாரின் வெளி விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே, நேர்செங்குத்தாக நிற்கிறதா? ரோட்டாரை முன்னும் பின்னும் இழுத்தால் முள் நகர்கிறதா? மூன்றாவதற்கு ஆம் என்றால் அது பேரிங் ஆட்டம், மேற்கொண்டு அளப்பதில் பயனில்லை.

மூன்றும் சரி என்றால் ரோட்டாரைக் கழற்றி ஒரு ஸ்டட் தள்ளி மாட்டி அளங்கள். ஹப்பிலும் கொஞ்சம் சாய்வு இருக்கும், ரோட்டாரிலும் இருக்கும். இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்தால் கூடும், எதிரெதிராக நின்றால் கழியும். ஆறு ஸ்டட் என்றால் ஆறு இடம் பார்க்கலாம்.

டீசல்புகை:
பேரிங் ஆட்டம் இல்லை. ஒரு ஸ்டட் தள்ளி 0.08. ரெண்டு தள்ளி 0.04. மூணு தள்ளி 0.07.

மைக்ரான்:
இரண்டு ஸ்டட் தள்ளிய இடத்திலேயே, 0.04 வந்த இடத்தில், விடுங்கள். ஒரு ஸ்டட்டின் நுனியிலும் அதற்கு நேரே ரோட்டார் தொப்பியிலும் பெயிண்ட் புள்ளி வையுங்கள், அடுத்த முறை பேட் மாற்றக் கழற்றினாலும் அதே இடத்தில் ஏறும். இடது பக்க ரோட்டாரும் மாற்ற வேண்டும், ஒரே அச்சில் ஒன்று புதிது ஒன்று பழையது என்றால் பிரேக் ஒரு பக்கம் இழுக்கும்.

ஸ்பேனர்17:
காலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்றப்போ பிளீடர் நிப்பிளைத் (காலிப்பர்ல ஆயிலை வெளியேத்துற திருகு) திறந்து, அதுல குழாய் மாட்டி பழைய பிரேக் ஆயிலை வெளியே விடுங்க. இருபது வருஷ அழுக்கு ஏபிஎஸ் பிளாக் பக்கம் போக வேண்டாம். நிப்பிளும் துருப்பிடிச்சிருக்கும், ஆறு முக சாக்கெட் போட்டுத்தான் தொடணும். ஆயில் அளவை டேங்கில பார்த்துக்கங்க. பிராக்கெட் போல்ட்டுக்கு நீல நிற மரைப் பசை, காலிப்பர் நகர்ற கைடு பின்னுக்கு சிலிகோன் கிரீஸ். சக்கரம் மாட்டும்போது காற்று ரெஞ்ச் வேண்டாம், நட்சத்திர வரிசைல டார்க் ரெஞ்ச் மட்டும். 80, 100 கிலோமீட்டர் ஓடினதும் நட்டை இன்னொரு தடவை பாருங்க.

வண்டியை நகர்த்தும் முன்னாடி பெடலை மெதுவா பலமுறை மிதிச்சு, கல்லு மாதிரி ஆகுதான்னு பாருங்க. பிஸ்டன் உள்ளே போய் இருக்கும், முதல் மிதிக்கு பிரேக்கே இருக்காது.